குமரி மாவட்டத்தில் புதிதாகக் கடை தொடங்குகிறவர்களுக்கு: குப்பைப் பொறுப்பை முதல் நாளிலிருந்தே சரியாகச் செய்வது எப்படி

நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ புதிதாகக் கடை தொடங்குகிறவர் முதலில் விசாரிப்பது அட்வான்ஸ், மின் இணைப்பு, தொழில் உரிமம், உணவுக்கடை என்றால் உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவு. குப்பையை என்ன செய்வது என்ற கேள்வி, கடை திறந்த சில நாளில் பின்வாசலில் சாக்கு நிரம்பி நாற்றமெடுக்கும்போதுதான் எழுகிறது. அந்த நேரம் பார்த்து யாராவது ஒருவர் வந்து, "மாசம் இவ்வளவு குடுங்க அண்ணாச்சி, ராத்திரி நான் எடுத்துக்கிடுதேன்" என்பார். அவசரத்தில் தலையாட்டிவிடுகிறார்கள். சிக்கல் தொடங்குவது அங்கேதான்.

மற்ற இடங்களைவிட இந்த மாவட்டத்தில் அது பெரிய சிக்கல். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இங்கே ஒரு சதுர கிலோமீட்டருக்கு 1,100 பேருக்கு மேல் வாழ்கிறோம். தமிழ்நாட்டில் சென்னைக்கு அடுத்தபடியாக நெருக்கடியான மாவட்டம். ஆளில்லாத பொட்டல் என்று சொல்ல இங்கே இடமே கிடையாது. காலியாகத் தெரிவது குளமாக இருக்கும், அல்லது கால்வாய்க்கரை, தென்னந்தோப்பு, காயலோரம். பழையாற்றில் போட்டது மணக்குடியில் கடலில் சேரும். குழித்துறையாற்றில் விட்டது தேங்காய்ப்பட்டணத்தில் சேரும். உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் 2022-ல் இடம்பெற்ற சுசீந்திரம்–தேரூர் குளங்களும் வேம்பனூர் குளமும் ஊருக்கும் சாலைக்கும் நடுவில்தான் இருக்கின்றன. ராத்திரி எடுத்துக்கொண்டு போகிறவர் கொட்டுவதற்கு நம் கண் காணாத இடம் எதுவும் இல்லை.

ஆகவே மனதில் வைக்க வேண்டியது இது: குப்பை உங்கள் வாசலைத் தாண்டியதும் பொறுப்பு தீர்ந்துவிடுவதில்லை. சேர வேண்டிய இடத்தில் சேரும்வரை அது உங்கள் குப்பைதான். சட்டமும் அப்படித்தான் பார்க்கிறது.

1. உங்கள் கடை எந்த உள்ளாட்சியில் இருக்கிறது?

கேட்டால் எளிதாகத் தோன்றும், இங்கே எளிதல்ல. நாகர்கோவில் மாநகராட்சி, சில நகராட்சிகள், ஏறத்தாழ ஐம்பது பேரூராட்சிகள், ஒன்பது ஒன்றியங்களில் ஊராட்சிகள் என்று அடுத்தடுத்து ஒட்டிக்கிடக்கும் மாவட்டம் இது. ஊர்ப் பெயரும் உள்ளாட்சியின் பெயரும் பல இடங்களில் ஒன்றாக இராது. மார்த்தாண்டம் சந்திப்பில் கடை என்றால் குழித்துறை நகராட்சி. கொஞ்சம் தள்ளிப் போனால் உண்ணாமலைக்கடை பேரூராட்சி. தக்கலை கடைத்தெரு பத்மநாபபுரம் நகராட்சியைச் சேர்ந்தது. கட்டட உரிமையாளரின் சொத்துவரி ரசீதை வாங்கிப் பாருங்கள், அதில் எந்த உள்ளாட்சி என்று இருக்கும்.

பிறகு அந்த அலுவலகத்துக்கு நேரில் போங்கள். மாநகராட்சி, நகராட்சி என்றால் உங்கள் வார்டின் சுகாதார ஆய்வாளர். பேரூராட்சி என்றால் செயல் அலுவலர் அல்லது துப்புரவு மேற்பார்வையாளர். ஊராட்சி என்றால் ஊராட்சிச் செயலர். கேட்க வேண்டியவை: என் தெருவுக்கு வண்டி எத்தனை மணிக்கு வரும், கடைக் குப்பையை அதே வண்டி எடுக்குமா வேறு ஏற்பாடா, மாதக் கட்டணம் எவ்வளவு, ரசீது உண்டா, எந்தெந்தக் குப்பையை அவர்கள் எடுக்க மாட்டார்கள். கடைசிக் கேள்விதான் முக்கியம். கோழிக் கழிவு, கட்டட இடிபாடு, பழைய எண்ணெய், மருத்துவக் கழிவு ஆகியவை வழக்கமான வண்டியில் ஏறாது. உங்கள் தொழிலில் இவற்றில் எது உண்டோ, அதற்குக் கடை திறக்கும் முன்பே வழி தேடியாக வேண்டும்.

தொழில் உரிமம் வேறு, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவு வேறு. வாரியம் தொழில்களைச் சிவப்பு, ஆரஞ்சு, பச்சை, வெள்ளை என்று வகைப்படுத்தியிருக்கிறது. வெள்ளை வகைக்குத் தகவல் தெரிவித்தால் போதும். மற்றவற்றுக்கு நிறுவவும் நடத்தவும் இசைவு வாங்க வேண்டும். முந்திரி ஆலை, ரப்பர் ஷீட் பதப்படுத்துவது, ஐஸ் ஆலை, லாட்ஜ், சர்வீஸ் ஸ்டேஷன் என்று யோசிப்பவர்கள் இடத்துக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்பே நாகர்கோவிலில் உள்ள வாரியத்தின் மாவட்ட அலுவலகத்தில் தங்கள் தொழில் எந்த வகை என்று கேட்டுவிடுவது நல்லது. கட்டி முடித்த பிறகு கழிவுநீருக்கு இடம் இல்லை என்று தெரிந்தால் நஷ்டம் பெரிது.

2. ஒரு வாரம் நிறுத்துப் பாருங்கள்

கடை திறந்த முதல் வாரம், ராத்திரி கடை அடைப்பதற்கு முன் அன்றைய குப்பையைத் தராசில் வைத்து எடையைக் குறித்துவையுங்கள். மக்கும் குப்பை தனி, மக்காதது தனி. சனி, ஞாயிறு கட்டாயம் சேர வேண்டும்.

இந்த எடைக்கு சட்டத்தில் பொருள் உண்டு. ஒரு நாளைக்கு 100 கிலோவுக்கு மேல் குப்பை உண்டாக்குகிறவரை 2016-ன் திடக்கழிவு மேலாண்மை விதிகளே மொத்தக் கழிவு உற்பத்தியாளர் என்று தனியாகப் பிரித்தன. 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறை என்று அறிவிக்கப்பட்ட புதிய விதிகளில் இது இன்னும் விரிந்திருக்கிறது: தினமும் 100 கிலோ குப்பை, அல்லது 20,000 சதுர மீட்டர் தளப்பரப்பு, அல்லது நாளொன்றுக்கு 40,000 லிட்டர் தண்ணீர்ச் செலவு, இவற்றில் ஒன்றை எட்டினாலே அந்த வகைக்குள் வந்துவிடுவீர்கள். அப்படி வந்தால் பதிவு செய்ய வேண்டும்; ஈரக் கழிவை இயன்றவரை உங்கள் வளாகத்திலேயே உரமாகவோ எரிவாயுவாகவோ மாற்றவும் வேண்டும்.

டீக்கடைக்கும் செல்போன் கடைக்கும் இது எட்டாத கணக்கு. ஆனால் கன்னியாகுமரியில் பெரிய லாட்ஜ் நடத்துகிறவருக்குத் தண்ணீர்க் கணக்கும், கல்யாண மண்டபம் நடத்துகிறவருக்கு எடைக் கணக்கும் எட்டக்கூடியவை. ஹோட்டலில் எடையை ஏற்றுவது சோறு என்றுதான் பலர் நினைக்கிறார்கள். நிறுத்துப் பார்த்தால் ஈரம் சொட்டும் வாழையிலையும் காய்கறித் தோலும்தான் முதலில் நிற்கும். இலையைத் தனியாகச் சாய்த்துவைத்துத் தண்ணீர் வடிய விட்டாலே எடை கணிசமாகக் குறையும்.

3. உண்டாகும் இடத்திலேயே பிரியுங்கள்

கலந்த குப்பையைப் பிறகு பிரிக்கலாம் என்று நினைப்பவர்கள் அந்த வேலையைத் தாங்கள் செய்யப்போவதில்லை. தூய்மைப் பணியாளர் ஒருவர் குனிந்து கையால் செய்யப்போகிறார். அதனால்தான் இந்தப் படியை விரிவாகச் சொல்கிறேன்.

பழைய விதியில் மூன்று பிரிவு: மக்கும் குப்பை, மக்காத குப்பை, தீங்கு விளைவிக்கும் குப்பை. புதிய விதியில் நான்கு. ஈரக் கழிவு (உணவு, காய்கறி, பூ, இறைச்சி), உலர் கழிவு (காகிதம், பிளாஸ்டிக், கண்ணாடி, உலோகம்), சுகாதாரக் கழிவு (நாப்கின், டயப்பர் போன்றவை), தனிக் கவனம் தேவைப்படும் கழிவு (பல்பு, பெயின்ட் டப்பா, காலாவதி மருந்து). ஈரத்துக்குப் பச்சைத் தொட்டி, உலர்ந்ததற்கு நீலத் தொட்டி என்பது எல்லாருக்கும் பழக்கமான நிறம். மற்ற இரண்டுக்கும் மூடியோடு கூடிய சிறு தொட்டி போதும்.

தொட்டி வாங்குவதைவிட அதை வைக்கும் இடம் முக்கியம். நம் பக்கத்து ஹோட்டல் ஒன்றின் காலை வேளையைப் பாருங்கள். காய் நறுக்கும் மேசையில் தோல் விழுகிறது. அடுப்புப் பக்கம் பால் பாக்கெட்டும் மாவுக் கவரும். கை கழுவும் இடத்தில் இலையும் எச்சில் சோறும். கல்லாப் பக்கம் பில் காகிதமும் தண்ணீர் பாட்டிலும். நான்கும் நான்கு இடம். பின்வாசலில் நான்கு தொட்டியை வரிசையாக வைத்தால், வேலை நெருக்கடியில் எல்லாமே முதல் தொட்டியில்தான் விழும். நறுக்கும் மேசைக்குக் கீழே பச்சை, அடுப்புக்குப் பக்கத்தில் நீலம், இலை எடுக்கும் இடத்தில் பெரிய பச்சை, கல்லாவுக்குக் கீழே சிறு நீலம் என்று வையுங்கள். அண்ணன் தம்பி யார் வேலைக்கு வந்தாலும் யோசிக்காமல் சரியான தொட்டியில் போடுவார்கள்.

பால் பாக்கெட்டைப் பற்றித் தனியாக ஒன்று. மூலையை முழுதாக வெட்டி எடுத்தால் அந்த நகத்தளவு துண்டு உளுந்துத் தோலோடும் காப்பித்தூளோடும் சேர்ந்து உரக்குழிக்குப் போய்விடும். அதைப் பொறுக்கி எடுக்க யாராலும் முடியாது. மூலையை வெட்டும்போது துண்டு பாக்கெட்டோடு ஒட்டியிருக்கும்படி பாதிவரை மட்டும் வெட்டுங்கள். ஊற்றிய பின் கொஞ்சம் தண்ணீர் விட்டு அலசி, கொடியில் குத்திக் காயவையுங்கள். காய்ந்த பால் கவர் சுத்தமாக இருந்தால் ஆக்கர் கடையில் (பழைய பொருள் வாங்கும் கடை) காசு கிடைக்கும். அலசாத கவர் இரண்டே நாளில் புழு பிடித்து நீலத் தொட்டி முழுவதையும் கெடுத்துவிடும்.

உடைந்த கண்ணாடி டம்ளரைப் பழைய செய்தித்தாளில் பொதிந்து, மேலே பேனாவால் 'கண்ணாடி' என்று எழுதி, வண்டிக்கார அக்காவின் கையில் கொடுங்கள். சாக்குக்குள் போடாதீர்கள்.

இடம் இருந்தால் ஈரக் கழிவைக் கடையிலேயே உரமாக்கலாம். இந்த மாவட்டத்தில் அதற்குக் கைகொடுப்பது தென்னை நார்க்கழிவு. கயிறு ஆலைகள் இருக்கும் பக்கம் கிடைக்கும். ஓட்டை போட்ட டிரம்மில் ஒரு அடுக்கு நார்க்கழிவு, அதன்மேல் காய்கறிக் கழிவு, மீண்டும் நார்க்கழிவு. நாற்றம் வந்தால் ஈரம் கூடிவிட்டது என்று பொருள்: நார்க்கழிவைக் கூட்டிப் போட்டுக் கிளறிவிடுங்கள். எண்ணெய்ப் பண்டமும் மீன் முள்ளும் சேர்க்காமல் இருப்பது நல்லது. இரண்டு மாதம் வாக்கில் உரம் தயாராகும். இடமில்லாதவர்கள் வண்டியில் கொடுத்தால் போதும். பிரித்துக் கொடுத்தது உள்ளாட்சியின் நுண் உரக் கூடத்துக்கோ பேரூராட்சியின் வளம் மீட்புப் பூங்காவுக்கோ போகும். கலந்து கொடுத்தால் கிடங்கில் குவியத்தான் செய்யும். நாகர்கோவில் வலம்புரிவிளைக் கிடங்கு தீப்பிடித்துப் புகைந்த நாட்களை அந்தப் பகுதி மக்கள் மறக்கவில்லை.

4. தொழிலுக்குத் தொழில் மாறுபவை

சிப்ஸ் கடையும் பலகாரக் கடையும்: நேந்திரங்காய் சிப்ஸ் இந்த மாவட்டத்தின் பெருமை, அதன் பின்னால் நிற்பது எண்ணெய்ச் சட்டி. திரும்பத் திரும்பச் சூடாக்கிப் பொரிக்கும்போது எண்ணெய் சிதைந்து அதில் சேரும் துருவச் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அதை உணவுக்குப் பயன்படுத்தக் கூடாது என்பது 2018 ஜூலை முதல் உள்ள விதி. நாளொன்றுக்கு 50 லிட்டருக்கு மேல் எண்ணெய் செலவழிக்கும் கடை, எவ்வளவு வாங்கினோம், எவ்வளவு கழித்தோம், யாரிடம் கொடுத்தோம் என்று பதிவேடு வைக்க வேண்டும். பழைய எண்ணெயைத் தள்ளுவண்டிக்காரருக்குக் குறைந்த விலைக்கு விற்பது ஒரு மோசமான பழக்கம். விற்கிறவருக்கு நூறு ரூபாய் லாபம், தின்கிறவர்களுக்கு வியாதி. ஓடையில் ஊற்றினால் அடைப்பு. பயோடீசலுக்காகப் பழைய எண்ணெயைக் காசு கொடுத்து வாங்க அங்கீகாரம் பெற்ற சேகரிப்பாளர்கள் இருக்கிறார்கள். மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் கேட்டு அவர்கள் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். மூடியுள்ள கேனில், வடிகட்டி, ஆறவைத்துச் சேர்த்து வையுங்கள்.

கோழி, மீன் கடை: மாவட்டத்தில் அதிகப் புகார் வருவது இங்கேதான் என்பது என் அனுபவம். இறகும் குடலும் சாக்கில் கட்டிக் கால்வாயில் போட்டால், அதே தண்ணீரில் கீழே யாரோ குளிக்கிறார்கள். பன்றிப் பண்ணைக்குப் போகிறது என்று யாராவது சொன்னால் அந்தப் பண்ணைக்கு அனுமதி உண்டா, கழிவை வேகவைத்துத்தான் கொடுக்கிறார்களா என்று ஒருமுறை நேரில் போய்ப் பாருங்கள். கோழிக் கழிவைப் பதப்படுத்தும் ஆலைக்குக் கொண்டுபோகிறேன் என்றால் ஆலையின் பெயரும் வாரிய இசைவும் கேளுங்கள். வண்டி வரும்வரை மூடியுள்ள டிரம்மில் வைக்க வேண்டும். முடிந்தால் பழைய ஃப்ரீசர் ஒன்றை இதற்கென்றே ஒதுக்குங்கள். சின்னக் கடையாக இருந்தால் அதே தெருவில் உள்ள நான்கைந்து கடைகள் சேர்ந்து ஒரே வண்டியை ஏற்பாடு செய்வதுதான் கட்டுப்படியாகும்.

இளநீர்க் கடையும் டயர்க் கடையும் வேறு வேறு தொழில், பிரச்சினை ஒன்று. குமரிக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்குப் பருவமழையும் உண்டு. வெட்டிப் போட்ட இளநீர்க் கூட்டிலும் பழைய டயரிலும் ஆண்டில் இரண்டு முறை தண்ணீர் தேங்கி, டெங்குக் கொசு பெருகும். இளநீர்க் கூட்டை நான்காக வெட்டிப் போட்டால் தண்ணீர் நிற்காது, உலரவும் செய்யும். டயரைக் கூரைக்குக் கீழே அடுக்குங்கள்.

கிளினிக், ரத்தப் பரிசோதனை நிலையம், பல் மருத்துவமனை: இவற்றுக்கு 2016-ன் உயிர்மருத்துவக் கழிவு விதிகள் தனி. மஞ்சள், சிவப்பு, வெள்ளை, நீலம் என்று நான்கு நிறம். ஊசியும் பிளேடும் குத்துப்படாத வெள்ளைப் பெட்டியில். ரத்தம் பட்ட பஞ்சு மஞ்சள் பையில். அதை 48 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. படுக்கை இல்லாத சிறு கிளினிக்காக இருந்தாலும் வாரியத்தின் அங்கீகாரமும் பல மருத்துவமனைகளின் கழிவைச் சேர்த்துக் கையாளும் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தோடு ஒப்பந்தமும் வேண்டும். பைகளில் பார்கோடு ஒட்ட வேண்டும், ஆண்டறிக்கை ஜூன் 30-க்குள் அனுப்ப வேண்டும். மருந்துக்கடைக்காரர்கள் காலாவதி மருந்தை மொத்த விற்பனையாளருக்கே திருப்பி அனுப்புங்கள். குப்பையிலும் போட வேண்டாம், கழிவறையிலும் ஊற்ற வேண்டாம்.

ஒர்க் ஷாப்: கழிவு ஆயில் அபாயகரமான கழிவு. 90 நாளுக்குள் அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சியாளருக்குப் போய்விட வேண்டும். செங்கல் சூளைக்கோ, வேலிக்கல்லுக்குப் பூசவோ கொடுக்க அனுமதி கிடையாது. பழைய பேட்டரியைப் புதியது வாங்கும் டீலரிடமே கொடுத்து ரசீது வாங்குங்கள். 2022-ன் பேட்டரிக் கழிவு விதிகள் அந்த வழியைத்தான் வலியுறுத்துகின்றன. செல்போன் சர்வீஸ் கடைக்காரர்கள் உப்பிய லித்தியம் பேட்டரியைத் தகர டப்பாவில் மணல் போட்டு வையுங்கள். குப்பை வண்டியில் அழுந்தினால் தீப்பிடிக்கும்.

லாட்ஜ்: ஒவ்வொரு அறைக் குளியலறையிலும் மூடியுள்ள சிறு தொட்டி, பக்கத்தில் பழைய செய்தித்தாள் கொஞ்சம். நாப்கினைப் பொதிந்து போடுங்கள் என்று தமிழிலும் மலையாளத்திலும் இந்தியிலும் எழுதி ஒட்டுங்கள். இதைச் செய்யாத லாட்ஜில் செப்டிக் டேங்க் சீக்கிரமே அடைத்துக்கொள்ளும். அடைத்தால் உரிமம் உள்ள கழிவுநீர் லாரியைக் கூப்பிடுங்கள், உதவிக்கு 14420. எந்தக் காரணம் கொண்டும் ஆளை உள்ளே இறக்காதீர்கள். மனிதக் கழிவை மனிதரே அள்ளுவதைத் தடைசெய்யும் 2013-ன் சட்டப்படி அது குற்றம். விஷவாயுவில் ஓர் உயிர் போனால் எந்த அபராதமும் ஈடாகாது.

சிப்ஸ், தேன், மிளகு, கருப்பட்டி என்று சொந்தப் பெயர் அச்சிட்ட கவரில் அடைத்து விற்பவர்கள், பிளாஸ்டிக் உறைக்கான உற்பத்தியாளர் பொறுப்புப் பதிவு (விற்ற உறை குப்பையான பிறகும் அதற்குப் பொறுப்பேற்பதற்கான பதிவு) தங்களுக்குப் பொருந்துமா என்று வாரிய அலுவலகத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

5. யாரிடம் கொடுக்கிறோம்?

2024 டிசம்பரில் திருநெல்வேலி மாவட்டத்தில் நடுக்கல்லூர், கொடகநல்லூர் பக்கம் கேரளத்து மருத்துவக் கழிவு மலைபோல் கொட்டப்பட்ட செய்தியை எல்லாரும் படித்திருப்பீர்கள். எங்கிருந்து வந்தது என்று காட்டிக்கொடுத்தவை அந்தக் குவியலுக்குள்ளேயே கிடந்த மருத்துவமனைக் காகிதங்கள். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட, கேரளத்திலிருந்து லாரிகள் வந்து அள்ளிக்கொண்டு போயின. கொட்டியது வண்டிக்காரர்கள், பதில் சொல்ல வேண்டி வந்தது கழிவை உண்டாக்கியவர்கள்.

களியக்காவிளைச் சோதனைச் சாவடி வழியாக உள்ளே வரும் கழிவைப் பற்றி நாம் கோபப்படுகிறோம், நியாயம்தான். அதே கோபம் நம் கடைச் சாக்கின்மீதும் இருக்க வேண்டும். உங்கள் பில் புத்தகத்தின் தாள் ஒன்று தேரூர்க் குளக்கரையில் கிடந்தால், ஆய்வாளர் முதலில் வருவது உங்கள் கடைக்குத்தான்.

தனியார் ஒருவரிடம் கொடுக்கும் முன் அவருக்கு உள்ளாட்சி அனுமதி உண்டா, வாரிய அங்கீகாரம் தேவைப்படும் கழிவாக இருந்தால் அது உண்டா என்று தாளைக் கையில் வாங்கிப் பாருங்கள். வண்டி எண்ணையும் ஓட்டுநரின் செல்போன் எண்ணையும் எழுதிவையுங்கள். ஒரு நாள் அந்த வண்டியின் பின்னாலேயே பைக்கில் போய்ப் பார்ப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நேராக வேலை செய்கிறவர் அதை வரவேற்பார். ரசீது தர மறுப்பவரிடமும், ராத்திரி பதினோரு மணிக்கு மேல்தான் வருவேன் என்பவரிடமும், மற்ற எல்லாரையும்விடப் பாதிக் கூலி கேட்பவரிடமும் கொடுக்காதீர்கள். குறைந்த கூலிக்கு அவர் செய்யக்கூடியது கொட்டிவிட்டுப் போவது ஒன்றுதான்.

6. பார்சலுக்கு எதை வாங்குவது

தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக் 14 வகைக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை; தடிமன் எவ்வளவு என்பது இங்கே பேச்சே இல்லை. நாடு முழுவதற்குமான தடை 2022 ஜூலை 1-ல் வந்தது. குமரியில் அதற்கும் முன்பே, 2010 வாக்கிலேயே, மாவட்ட நிர்வாகம் பிளாஸ்டிக் ஒழிப்பைத் தீவிரமாக நடத்தியது. பெரியவர்களுக்கு நினைவிருக்கும்.

மொத்த வியாபாரி "இது தடையில் வராது" என்று சொல்லித் தரும் இரண்டு பொருட்களைக் கவனியுங்கள். ஒன்று, துணிபோலத் தெரியும் நெய்யாத பை. அது பிளாஸ்டிக் இழையால் ஆனது, பட்டியலில் இருக்கிறது. இரண்டு, உள்ளே பிளாஸ்டிக் பூசிய டீக்கப். அதுவும் பட்டியலில் இருக்கிறது. வெள்ளி நிறத்தில் மினுக்கும் பார்சல் கவரின் உள்பக்கத்தையும் தேய்த்துப் பாருங்கள், பிளாஸ்டிக் படலம் இருக்கும்.

பொதிசோற்றுக்கு வாட்டிய வாழையிலை நமக்குப் புதிதல்ல. குழம்பு, சாம்பாருக்குத்தான் வழி வேண்டும். தூக்குவாளி கொண்டுவருகிறவருக்கு இரண்டு மூன்று ரூபாய் குறைத்துக்கொடுங்கள், பலகையில் எழுதியும் வையுங்கள். பக்கத்து அலுவலகங்களுக்குத் தினமும் சாப்பாடு அனுப்புகிறவர்கள் எவர்சில்வர் பாத்திரத்தை முறைவைத்துக் கொடுத்து வாங்கலாம். டீக்குக் கண்ணாடி டம்ளரும் கழுவ ஓர் ஆளும் வைப்பது, கப் வாங்கும் செலவோடு ஒப்பிட்டால் பெரிய வித்தியாசம் இருக்காது. கணக்குப் போட்டுப் பாருங்கள்.

7. எரிக்காதீர்கள், ஓடையில் விடாதீர்கள்

காலையில் கடை வாசலைக் கூட்டி, காகிதத்தோடு கவரையும் சேர்த்துத் தீவைப்பது இன்னும் பல கடைத்தெருக்களில் நடக்கிறது. திறந்தவெளியில் குப்பை எரித்தால் 5,000 ரூபாய், பெருமளவில் எரித்தால் 25,000 ரூபாய் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2016 டிசம்பரிலேயே சொல்லியிருக்கிறது. புகையை முதலில் குடிப்பது தீவைத்தவரும் பக்கத்துக் கடைக்காரரும்தான்.

ஹோட்டல் பாத்திரம் கழுவும் தண்ணீர் வெளியேறும் இடத்தில் எண்ணெய்ப் பிடிப்புத் தொட்டி கட்டுங்கள். இரண்டு அறையுள்ள சின்னத் தொட்டி. எண்ணெய் மேலே மிதந்து நிற்கும், தண்ணீர் அடியில் குழாய் வழியாகப் போகும். வாரத்துக்கு ஒருமுறை மேலே படிந்த கொழுப்பை அள்ளி எடுக்க வேண்டும். தொட்டி கட்டிவிட்டு அள்ளாமல் விடுகிறவர்கள்தான் அதிகம். அதற்கு ஒரு கிழமையையும் ஓர் ஆளையும் குறித்துவிடுங்கள்.

8. ஒரு நோட்டு போதும்

தேதி, என்ன கழிவு, எவ்வளவு, யாரிடம், வண்டி எண், ரசீது எண். ஆறே பத்தி. ரசீதுகளை அதே நோட்டின் பின்னட்டையில் ஒரு கவரில் போடுங்கள். மருத்துவக் கழிவுக்கு ஐந்தாண்டுக் கணக்கு வேண்டும். மற்றவர்களும் அப்படியே வைத்துக்கொள்வது நல்லது. ஆய்வுக்கு வருகிறவரிடம் வாயால் விளக்குவதைவிட நோட்டை நீட்டுவது எளிது. உங்கள் தெருவில் வண்டி வராத நாட்களையும் இதிலேயே எழுதுங்கள். பிறகு உள்ளாட்சியிடம் புகார் கொடுக்கும்போது தேதியோடு கொடுக்கலாம். அப்படிக் கொடுத்த மனுவுக்கு மதிப்பு தனி.

ஆக்கர் கடையில் விற்ற அட்டை, பால் கவர், பாட்டில் காசையும் ஒரு பத்தியில் எழுதிவையுங்கள். அந்தக் காசைப் பிரித்துப் போட்ட பையன்களுக்கும் அக்காக்களுக்கும் கொடுத்துவிடும் கடைகளில் பிரிப்பது ஒரு நாளும் தவறுவதில்லை. நான் பார்த்தவரை, சொல்லித் திருத்துவதைவிட இது நன்றாக வேலை செய்கிறது.

9. சீசனும் திருவிழாவும்

மேலே சொன்ன ஏற்பாடு எல்லாம் சாதாரண நாளுக்கு. கன்னியாகுமரியில் கார்த்திகை பிறந்ததும் ஐயப்ப பக்தர்கள் வரத் தொடங்கினால் தை வரை கூட்டம் குறையாது. கோட்டாறு சவேரியார் திருவிழா, சுசீந்திரம் மார்கழித் தேர், மாசியில் மண்டைக்காட்டுக் கொடை என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும். இந்த நாட்களில் மட்டும் கடை போடுகிறவர்களுக்கும் இதே பொறுப்பு உண்டு: தள்ளுவண்டியிலும் தொட்டி இருக்க வேண்டும், கடையைப் பிரிக்கும்போது இடத்தைக் கூட்டிவிட்டுப் போக வேண்டும்.

அன்னதானமோ விருந்தோ, 100 பேருக்கு மேல் கூடினால் மூன்று வேலை நாள் முன்பே உள்ளாட்சிக்குத் தெரிவிக்க வேண்டும். மண்டபக்காரர்கள் இதை வாடகை ஒப்பந்தத்திலேயே ஒரு வரியாகச் சேர்த்து, பிரிக்காமல் போனால் முன்பணத்தில் பிடிப்போம் என்றும் எழுதிவிடுங்கள். சமையல்காரருக்கும் அந்த வரியைக் காட்டுங்கள். பந்தியில் இலை எடுப்பவர்கள் அவருடைய ஆட்கள்தான்.

சீசனுக்குக் குப்பை வண்டி கூடுதல் நடை வர வேண்டும் என்றால் கூட்டம் வந்த பிறகு கேட்டுப் பயனில்லை. போன ஆண்டு சீசனில் நிறுத்த எடையை நோட்டில் பார்த்து, அதை மனுவில் குறிப்பிட்டு, அக்டோபர் முடிவதற்குள் சுகாதார ஆய்வாளரிடமோ செயல் அலுவலரிடமோ கொடுத்து, நகலில் அலுவலக முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். முதல் ஆண்டுக் கடைக்காரர்கள் பக்கத்துக் கடைக்காரரிடம் கேட்டு அவருடைய அளவை வைத்து எழுதலாம். தெருவில் உள்ளவர்கள் சேர்ந்து ஒரே மனுவாகக் கொடுத்தால் இன்னும் நல்லது.